கழுவாத வண்டி

பட்டிக்காரருக்கு உலகத்தில் எதன் மீதும் பெரிய பகை கிடையாது, துருவைத் தவிர. துருவைக் கண்டால் அவர் நகம் தானாக நீளும். பஸ்ஸில் போனால் முன் சீட்டுக் கம்பியைச் சுரண்டுவார். யாரையாவது துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் மடக்கு நாற்காலியின் காலைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பட்டி என்றதும் ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அடிபட்ட வண்டியின் பள்ளத்தில் பூசி, காய்ந்ததும் தேய்த்துச் சமன் செய்வார்களே, அந்தப் பசைக்குத்தான் பட்டி என்று பெயர். அதைப் பூசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் பெற்றவர்கள் வைத்த பெயர் போய் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

டிங்கரிங், பெயின்டிங் என்று பலகை மாட்டிய தகரக் கொட்டகைதான் அவர் கடை. பலகைக்குக் கீழே இன்னொரு பலகை: ‘வண்டியைக் கழுவிக் கொண்டு வரவும்.’ இந்த விஷயத்தில் அவர் கொஞ்சம் கிறுக்கர்தான். சேறோடு வந்த வண்டியை, வந்தவர் எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும், வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். “ஒரு பொட்டு மண்ணு உள்ள வந்தா போதும், அடிச்ச பெயிண்ட் பூரா பரு வந்த மாதிரி ஆயிடும். போய்க் கழுவிட்டு வாங்க” என்பார். அடிபட்ட வண்டியைக் கொண்டுவந்தவன் பாதி அழுகையில் நின்றுகொண்டிருப்பான். அவனிடமும் இதையேதான் சொல்வார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு நாள் ஒரு அம்மாள் காரைக் கொண்டுவந்து விட்டாள். பின் பம்பருக்கு மேலே ஒரு பள்ளம். நடுவயது, மூக்கின் நுனியில் கண்ணாடி. பொய்ப்பல் செய்யும் கூடம் வைத்திருப்பவள். பட்டிக்காரர் காரைச் சுற்றி வந்தார். பின் சீட்டில் ஒரு சாண் நீளத்தில் ஒரு பொம்மை லாரி இருந்தது. பொம்மைதான், ஆனால் அடிப்பக்கமெல்லாம் துரு தின்று, கதவோரம் பெயிண்ட் உரிந்து, டேங்குக்குக் கீழே எண்ணெய் வழிந்து கிடந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து கையை விட்டு நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார்.

“ஐயோ அண்ணே! அது துரு இல்ல, பெயிண்ட்!”

பட்டிக்காரர் நகத்தைப் பார்த்தார். துருத்தூள் ஒட்டவில்லை. லாரி முழுவதும் பிளாஸ்டிக். தட்டிப் பார்த்தபோது சத்தமே காட்டிக்கொடுத்தது.

“யாரு மேடம் இத இப்படிக் கெடுத்து வச்சது?”

“நான்தான். ரொம்பப் பாடுபட்டுக் கெடுத்திருக்கேன்.”

“கெடுக்கறதுக்குப் பாடு எதுக்கு? வெயில்ல போட்டா தானா கெட்டுட்டுப் போகுது.”

“அந்த வெயில் பத்து வருசத்துல செய்யறத நாம உக்காந்து ஒரு வாரத்துல செய்யணும்ணே. அதுக்குத்தான் பாடு. ஞாயித்துக்கிழமை இதுக்குன்னே கிளாஸ் எடுக்கறேன். புதுசா கத்துக்கறவங்க வர்றாங்க.”

அன்று அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் பள்ளத்தை இழுத்து நிமிர்த்தும்போதும், பட்டி பூசித் தேய்க்கும்போதும் அந்த லாரி கண்ணுக்குள்ளேயே நின்றது. கார் எடுக்க அவள் வந்த நாளன்று, சாவியைக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டே கேட்டார்.

“மேடம், அந்த லாரி மாதிரி ஒரு வேன் செய்யணும். பழைய வேன். எந்த இடத்துல என்ன போயிருந்துச்சுன்னு எல்லாம் எனக்குத் தெரியும். அத அப்படியே திரும்பக் கொண்டு வந்துட முடியுமா?”

“வந்துடலாம்ணே. எதுக்கு?”

அவர் சொல்லவில்லை. நாம் சொல்லிவிடலாம், மூடி வைத்து வேடிக்கை காட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை.

பட்டிக்காரருக்கு ஒரே மகன். செடி வளர்த்து விற்கும் பண்ணையிலிருந்து வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் தொட்டிகளைக் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. வெளிர் நீல வேன், அவன் சொந்த வேன். செடிக்கு ஊற்றிய தண்ணீர் பின்கதவு வழியாக வழிந்து வழிந்து அந்த இடமே பழுப்பேறிப் போயிருக்கும். அப்பாவின் கொட்டகைப் பக்கம் அந்த வண்டி வந்ததே இல்லை. “ஊரான் வண்டியெல்லாம் பளபளன்னு போகுது, என் புள்ள வண்டியப் பாரு, எருமை மாதிரி. கழுவிக் கொண்டாடா, ஒரே மூச்சுல புதுசாக்கித் தர்றேன்” என்று இவர் கத்துவார். “உழைக்கிற வண்டிக்கு எதுக்குப்பா மேக்கப்பு?” என்று அவன் சிரித்துவிட்டுப் போவான். தாய்க்காரி இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த மகன் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை நேரத்தில், ஊருக்குப் பின்னால் சுற்றிப் போகும் சாலையின் வளைவில், எதிரே வந்த லாரியில் மோதிப் போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரைகூட உயிர் தங்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, விசாரணையும் முடிந்து, ஸ்டேஷன் வாசலில் மழையிலும் மண்ணிலும் கிடந்த வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பட்டிக்காரர் அதைக் கட்டி இழுத்துவந்து கொட்டகைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். வேறு வேலை எதையும் தொடவில்லை. கசங்கிய முன்பக்கத்தை வெட்டி எடுத்தார், வேறு முகப்பு வைத்து வெல்டு அடித்தார், சட்டத்தை இழுத்து நேராக்கினார். மனைவி கண்ணில் அந்தக் கோலம் படக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. அதற்காகவாவது கை ஓடியது. இல்லாவிட்டால் அந்த நாட்களில் அவரும் போயிருப்பார்.

ஆனால் பெயிண்டர் புத்தி என்று ஒன்று உண்டே. முன்பக்கம் மட்டும் புது நீலம், பின்பக்கம் வெயிலில் வெளுத்த நீலம் என்று எந்தப் பெயிண்டரும் ஒரு வண்டியை வெளியே விடமாட்டான். பார்த்த மாத்திரத்தில் அடிபட்ட வண்டி என்று தெரிந்துவிடும். அதனால் முழு வண்டியையும் தேய்த்தார். தண்ணீர் ஊற்றி, எமரித் தாளால், ஓர் இடம் விடாமல். பின்னால் தூணில் உரசிய கீறல் போயிற்று. கதவின் அடியில் செருப்புக் காலால் உதைத்துச் சாத்திய தழும்பு போயிற்று. ஓட்டுகிற பக்கத்து ஜன்னலுக்குக் கீழே, மகன் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டே ஓட்டியதில் பெயிண்ட் மங்கித் தேய்ந்திருந்த இடமும் போயிற்று. பட்டி, பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதன் மேல் நீலம், அதன் மேல் பளபளப்பு. அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை செய்ததில்லை.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டார். அவள் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஓட்டுகிற பக்கத்துக் கதவில் கையை வைத்தாள். வழவழவென்று இருந்தது. அங்குமிங்கும் தடவினாள்.

“எங்க?” என்றாள்.

“என்ன எங்க?”

“அவன் கை வைக்கிற இடம் எங்க?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஜன்னலுக்குக் கீழே தானும் தடவிப் பார்த்தார்.

“லாரிக்காரன் கொன்னது போக மிச்சத்த நீங்க தேய்ச்சே அழிச்சிட்டீங்களே!” என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றோடு பேச்சு நின்றது. சண்டை போட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விடவில்லை, சமைக்காமல் இருக்கவில்லை. எல்லாம் நடந்தது, அவரிடம் மட்டும் பேசவில்லை. அவள் துணி தைப்பவள். பழைய துணிக்கு ஜிப் மாற்றுவாள், கால் குட்டை செய்து கொடுப்பாள். தையல் மிஷினைப் பார்த்தபடியே “தட்டு வச்சிருக்கு” என்பாள். சுவரைப் பார்த்து “சிலிண்டர் தீர்ந்துபோச்சு” என்பாள். வீட்டிலிருக்கும் சுவருக்கெல்லாம் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். காலம் போனால் சரியாகிவிடும் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். காலம் போனது, அவர் தலை முழுக்க நரைத்தது. அந்த வேனை எப்போதோ கண்காணாத ஆளுக்குத் தள்ளிவிட்டார்.

இதற்கு நடுவே அவரைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பின்சாலையில் மகனுக்கு என்ன வேலை? அந்தப் பக்கம் எங்கேயும் அன்று செடி இறக்க வேண்டியதில்லை என்று பண்ணையில் சொன்னார்கள். ஒரு தடவை மனைவியிடமே கேட்டார். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றுதான். அவள் ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். திட்டினாலும் சரி. அழித்ததைத் திரும்பக் கொடுத்தால் பேசுவாள் என்று அந்தப் பொம்மை லாரியைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். வகுப்பு பொய்ப்பல் கூடத்தின் மாடியில். அலமாரி நிறைய பிளாஸ்டர் மாவில் வார்த்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். வருகிறவர்கள் அவளைப் பல் டீச்சர் என்று கூப்பிட்டார்கள்; அவளுக்கும் அதில் கோபமில்லை. அதே ஜாதி வேன் ஒன்று, அசலில் இருபத்துநாலில் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாகப் பெட்டியில் கிடைத்தது. பட்டிக்காரர் சோப்புத் தண்ணீரில் துண்டுகளைக் கழுவி, ஒட்டி, இடுக்கை நிரப்பித் தேய்த்து, பேனா அளவு ஸ்ப்ரே கன்னில் பிரைமரும் நீலமும் அடித்து முடித்தார். மற்றவர்கள் சுற்றி நின்று வாயைப் பிளந்தார்கள். வண்டியில் முகம் தெரிந்தது.

பல் டீச்சர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். “ரொம்ப அழகா இருக்குண்ணே. பொய்ப்பல்லு மாதிரி.”

“என்ன மேடம் இப்படிச் சொல்லிட்டீங்க!”

“நெஜமாத்தான். எங்கிட்ட வர்றவங்க எல்லாரும் வெள்ளை வெளேர்னு பல்லு கேப்பாங்க. அப்படிச் செஞ்சு கொடுத்தா, ரோட்டுல போறவன்கூடச் சொல்லிடுவான் பொய்ப்பல்லுன்னு. ஓரத்துல கொஞ்சம் மஞ்சள், நடுவுல ஒரு கோடு, டீ குடிச்ச கறை, இதெல்லாம் போட்டாத்தான் அது அவங்க பல்லு. உங்க வேன் இன்னும் யாரு வேனும் இல்ல.”

அதற்கப்புறம் ஆரம்பித்தது பட்டிக்காரரின் கஷ்டம். பளபளப்புக்கு மேல் கரும்பழுப்புப் பெயிண்டைத் தண்ணீர் மாதிரி கரைத்து விட்டால், கதவிடுக்கிலும் திருகாணியைச் சுற்றியும் அது தானாக ஓடி நிற்கும். மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இவர் மிச்சத்தைத் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டில் துருநிறத்தைத் தொட்டு, முக்கால்வாசியைத் தாளில் ஒற்றிவிட்டு, ஓரங்களில் மெல்லத் தட்டினால் பெயிண்ட் உதிர்ந்தது போல் வரும். இவர் தட்டியது வண்டி முழுக்க ஒரே அளவாக, ஒரே இடைவெளியில் வந்தது. “என்னண்ணே, வண்டிக்கு அம்மை போட்டிருக்கு?” என்றாள் டீச்சர். அதைவிட மோசம், தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் கை நீலத்தை எடுத்து அந்தப் புள்ளிகளை மூடிவிட்டிருக்கும். மூடியது அவருக்கே தெரியாது. கைக்குப் பழக்கம் அப்படி. இரண்டு முறை வண்டி புதுசாகிப்போயிற்று.

மூன்றாவது முறை டீச்சர் அவர் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்துவிட்டாள். “அண்ணே, சும்மா அழுக்குப் பண்ணணும்னு நெனச்சுப் பண்ணாதீங்க. இந்த வண்டியில யாரு கை எங்க படும், கால் எங்க படும், தண்ணி எங்க நிக்கும், அத மட்டும் சொல்லுங்க.”

பட்டிக்காரர் சொல்ல ஆரம்பித்தார். முழங்கை இங்கே. செருப்புக்கால் இங்கே. தொட்டித் தண்ணீர் இங்கேயிருந்து இப்படி வழியும். தூணில் உரசியது இந்த மூலையில், மூன்று விரல் அகலம். எப்படி இவ்வளவு ஞாபகம் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றையும் தேய்த்து எடுத்த கை அல்லவா, அதற்குத் தெரியாதா? சொல்லிக்கொண்டே வந்தவர் இடையில் நிறுத்தி, “எம் பையன் வண்டி மேடம்” என்றார். பிறகு மிச்சத்தையும் சொன்னார். டீச்சர் பிரஷ்ஷைத் திருப்பிக் கையில் கொடுத்தாள்.

அன்றிலிருந்து அவர் எதையும் மூடவில்லை. கூரையில் நீலத்தோடு வெள்ளை கலந்து மெல்லியதாக அடித்து வெயில் வெளுப்பைக் கொண்டுவந்தார். தழும்பை முதலில் துருநிறத்தில் போட்டு, அதன் ஓரத்தில் மயிரிழை அளவு வெளிர் நீலம் இழுத்தால் ஆழம் தெரியும் என்று கற்றுக்கொண்டார். முழங்கை இடம்தான் படியவில்லை. அங்கே பெயிண்ட் உரியவில்லை, தேய்ந்து மங்கியிருந்தது. ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத மங்கல். சந்தைக்கு வந்து நின்ற ஒரு வேனின் ஜன்னலில் முழங்கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது டிரைவர் வந்துவிட்டான்.

“என்ன பெரியவரே, வண்டிய விலைக்குக் கேக்கறீங்களா?”

“இல்லப்பா. முழங்கை எவ்வளவு தூரம் வரும்னு பாக்கறேன்.”

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிப் பூட்டிக்கொண்டு போனான்.

கடைசியில் தீக்குச்சி முனையில் துணி சுற்றி, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் சேர்க்காமல், வெறும் துணியாலேயே தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தைக் கொண்டுவந்தார். அடியிலிருந்து பிரைமர் லேசாகத் தெரிந்ததும் கை நின்றது. அப்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல கனத்த அழுகை. மேஜையை விட்டு எழுந்து அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், காயாத பெயிண்டில் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாகிவிடுமே என்று. இளித்த தாடைகளுக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இனிமே தூசி, சேறு மட்டும்தான்” என்றாள் டீச்சர். “எந்த நாள் வண்டிண்ணே இது? வெயில் நாளா, மழை நாளா?”

அவருக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. அந்தக் காலை. மகன் கிளம்புவதற்கு முன் வாசலில் நின்ற வண்டி. முந்தின நாள் நல்ல மழை. செடி இறக்கிவிட்டு வந்து நின்ற வண்டியில் சேறு இடுப்பளவுக்கு ஏறியிருந்ததை அவரே பார்த்திருக்கிறார். காலையில் கடைக்குப் போகும்போதும் அது காய்ந்து அப்படியே நின்றது. பழுப்பு நிறச் சாக்குக்கட்டியைச் சுரண்டிய தூளோடு, வார்த்த தாடைகளைத் தேய்க்கையில் உதிர்ந்த தூளும் சேர்த்துத் தண்ணீரில் குழைத்துச் சக்கரத்துக்கு மேலே அப்பினார். பக்கவாட்டில் பிரஷ் முடியை விரலால் சுண்டித் தெறிக்கவிட்டார். துருவுக்கே பகையாளியான மனிதர் சேற்றை அப்படி ஆசையாகப் பூசியது வேடிக்கைதான்.

தூளின் மேல் கடைசியாக ஒரு பூச்சு அடித்து நிலைநிறுத்த வேண்டும். ஆனால் வெளியே மழை. ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். “அடுத்த வாரம் அடிச்சுக்கலாம்ணே” என்றாள் டீச்சர். அவரால் அடுத்த வாரம் வரை இருக்க முடியவில்லை. செருப்பு டப்பாவில் பஞ்சு வைத்து, வேனை அதில் படுக்கவைத்து, சட்டைக்குள் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் பலகையின் ஓரத்தில், நூல்கண்டுகளைத் தள்ளிவிட்டு, வேனை எடுத்து வைத்தார். எட்டிப் போய் நின்றுகொண்டார்.

மிஷின் நின்றது. அவள் முதலில் தொடவில்லை. பிறகு அவள் கை நேராக ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்குப் போயிற்று. கட்டைவிரல் நுனி அந்த மங்கலில் சரியாக உட்கார்ந்தது. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். பின்மூலைக் கீறலைப் பார்த்தாள், கதவடித் தழும்பைப் பார்த்தாள். முகம் கோணிற்று.

“இந்தச் சேறு எதுக்கு?” என்றாள்.

பழக்கதோஷம், அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களத்தான் கேக்கறேன். சேறு எதுக்குப் பூசினீங்க?”

அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என்னைக் கேட்கிறாள்! சந்தோஷத்தில் வார்த்தைகள் முட்டிக்கொண்டு வந்தன. “அது, அன்னைக்குக் காலைல இருந்த மாதிரியேம்மா. முந்தின நாள் மழைல்ல? வண்டி பூரா சேறு. நான் கடைக்குப் போறப்பகூடப் பார்த்துட்டுத்தானே போனேன். கிளம்பறதுக்கு முன்னாடி எப்படி நின்னுச்சோ அப்படியே…”

“கிளம்பறதுக்கு முன்னாடி கழுவினான்.”

“யாரு?”

“வேற யாரு? நீங்க போனப்புறம். பக்கெட் பக்கெட்டா ஊத்தி, சக்கரத்துக்குள்ள எல்லாம் கைய விட்டுக் கழுவினான். துடைக்கப் பழைய துணிகூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.”

“அவனா?” பட்டிக்காரர் சிரித்தேவிட்டார். “வாங்கின நாள்லேருந்து தண்ணியே காட்டாத பய. அன்னைக்கு என்ன ஞானம் வந்துச்சு அவனுக்கு?”

கேட்டு முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியைக் கழுவிக்கொண்டு மனிதர்கள் எங்கே வருவார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆயுசு முழுக்க அவர் வாசலில் வந்து நின்ற வண்டிகளெல்லாம் கழுவிய வண்டிகள்தான்.

“எங்கிட்டயா வந்தான்?”

அவள் ஊசியில் கோத்திருந்த நூலை உருவத் தொடங்கினாள். “விடுங்க.”

“சொல்லும்மா. எங்கிட்டயா?”

“பெயிண்ட் அடிக்க விடப் போறேன்னான். ‘அப்பா எத்தன நாளா கேட்டுட்டு இருக்காரு, ஆசை தீர அடிச்சுக்கட்டும்’னு சிரிச்சான். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னான். திடீர்னு போய் நிக்கணுமாம்.” உருவிய நூலை விரலில் சுற்றினாள். அடைத்து வைத்திருந்தது எல்லாம் வந்துவிட வேண்டியதுதான் என்பது போல் சொன்னாள். “மெயின் ரோட்டுல குழி தோண்டிப் போட்டுத் தண்ணி நிக்குது, மறுபடி சேறாயிட்டா அப்பா உள்ள விடமாட்டாருன்னான். சுத்திக்கிட்டுப் பின்னாடி ரோட்டுல போறேன்னான்.”

வெளியே மழை விட்டிருந்தது. பட்டிக்காரர் கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். நண்பன் வீடு, யாரோ ஒரு பெண், குறுக்கு வழி என்று அந்தச் சாலைக்கு அவர் இத்தனை வருஷமாக எத்தனை காரணம் யோசித்திருக்கிறார். தன் கொட்டகை மட்டும் அவர் கணக்கில் வரவே இல்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்லுவேன்?” என்றாள். “அன்னைக்கு வாசல்ல வச்சு ஒரு வார்த்தை சொன்னேனே, தேய்ச்சே அழிச்சிட்டீங்கன்னு. அடுத்த வார்த்தை இதுதான் நாக்குல நின்னுச்சு. சொன்னா நீங்க பொழைக்க மாட்டீங்கன்னு வாயப் பொத்திக்கிட்டு ஓடினேன். அதுக்கப்புறம் உங்ககிட்ட வாயத் திறக்கவே பயம். எது பேசப் போனாலும் இது வந்து முன்னாடி நிக்குது. கோவம் இல்லாம இல்ல, இருந்துச்சு. ஆனா கோவம் எப்பவோ தீர்ந்துபோச்சுங்க.”

அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தோள் அவர் தோளில் பட்டது. அதை உணரும் நிலையில் அவர் இல்லை. சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சொல்லியாகிவிட்டது. இனி அள்ள முடியாது.

என்ன செய்வதென்று தெரியாமல் அவள் உள்ளே போய்ச் சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டுவந்தாள். “கழுவிடலாமா? அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிடும். சேறு போயிடும்ல, தண்ணி பட்டா?”

போகும். பூச்சு அடிக்காத தூள், தொட்டால் கரைந்துவிடும். அடியிலுள்ள தழும்புக்கு ஒன்றும் ஆகாது. கழுவிய வண்டி கிடைத்துவிடும்.

அவள் துணியை நனைத்தாள். பட்டிக்காரர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா. கழுவாத. அவன் சேத்தோடயே வரட்டும்.”